பார்பரா ஸ்டான்விக்கிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

பழைய ஹாலிவுட் படங்களை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆட்ரி ஹெப்பர்னும் இங்க்ரிட் பெர்க்மனும் பிடித்துப் போய்விட்டார்கள். ஆனால் அந்தக் காலப் படங்களில் ஊறியவர்கள் பலரும் முதலில் பார்பரா ஸ்டான்விக்கின் பெயரைத்தான் எடுக்கிறார்கள். அவரிடம் அப்படி என்ன இருக்கிறது, எந்தப் படத்தில் தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொள்ளை ஆசை. அதனால் நீளமாகவே சொல்கிறேன். சில படங்களின் முடிவைத் தொடாமல் பேச முடியாது. அது வேண்டாம் என்றால் கடைசிப் பத்திகளில் சொல்லியிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். ஸ்டான்விக்கின் மிகச் சிறந்த பாத்திரங்கள் எல்லாம் கதைக்குள்ளேயே நடித்துப் பிழைக்கும் பெண்கள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவள், போலி மதப் பிரசங்கி, கடையில் திருடுகிறவள், கணவனைக் கொல்லத் திட்டமிடுகிறவள், மகளுக்காகக் கெட்டவள் வேஷம் போடும் தாய். ஒரு நடிகை, நடிக்கிற ஒரு பெண்ணாக நடிக்க வேண்டும். அந்தப் பெண் எதிரில் இருப்பவரை நம்பவைக்க வேண்டும். அதே சமயம் அது வேஷம் என்பது நமக்குத் தெரிய வேண்டும். அந்த வேஷம் அவளையும் மீறி நழுவும் நொடி நம் கண்ணில் பட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே முகத்தில், ஒரே நேரத்தில் செய்வதில் ஸ்டான்விக்குக்கு இணையாக அந்தத் தலைமுறையில் வேறு யாரையும் நான் பார்க்கவில்லை. பெட்டி டேவிஸ் பெரிய நடிகை, சந்தேகமே இல்லை. ஆனால் டேவிஸ் நடிக்கும்போது நாம் டேவிஸைப் பார்த்து வியக்கிறோம். ஸ்டான்விக் நடிக்கும்போது அந்தப் பெண் அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்று பதறுகிறோம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 1941இல் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கிய 'தி லேடி ஈவ்'. கப்பல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடம். பெரிய மது ஆலைக் குடும்பத்தின் வாரிசான சார்ல்ஸ் பைக் (ஹென்றி ஃபோண்டா) தனியாக உட்கார்ந்து பாம்புகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான். அமேசான் காட்டில் பாம்பு ஆராய்ச்சியை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவன், பெண்கள் விஷயத்தில் அப்பாவி. கூடத்தில் இருக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் அவன் மேல்தான் கண். அப்பாவோடு சேர்ந்து சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைக்கும் ஜீன் ஹாரிங்டன் என்கிற ஸ்டான்விக் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். கைப்பையிலிருந்து பவுடர் கண்ணாடியை எடுத்துத் திறக்கிறாள். முகத்துக்குப் பவுடர் போடுவது போலப் பாவனை. உண்மையில் அந்தக் கண்ணாடியில் பின்னால் நடப்பதை வேடிக்கை பார்க்கிறாள். திரை முழுக்கக் கண்ணாடி பிம்பம். ஒவ்வொரு பெண்ணும் அவன் கவனத்தைப் பிடிக்க என்னென்ன செய்கிறாள் என்று ஜீன் நேர்முக வர்ணனை கொடுக்கிறாள். கர்ச்சீப்பைக் கீழே போடுகிறவள், தெரிந்தவர் மாதிரி வந்து பேசப் பார்க்கிறவள், எல்லோருக்கும் இவளே வசனமும் பேசுகிறாள். அவன் எரிச்சலாகி எழுந்து வெளியே போக, கண்ணாடியை மூடிவிட்டுப் போகிற வழியில் காலை நீட்டுகிறாள். அவன் குப்புற விழுகிறான். உடனே இவள் எழுந்து, என் செருப்புக் குதிகாலை உடைத்துவிட்டாயே என்று அவனையே திட்டுகிறாள்.

அந்தக் காட்சியில் ஸ்டான்விக்கின் குரலைக் கவனியுங்கள். புரூக்ளின் வாடை விட்டுப்போகாத, கொஞ்சம் கரகரத்த குரல். வேகமாகப் பேசினாலும் ஒரு சொல்கூட விழுங்கப்படாது. படத்தையே ஒரு நிமிடம் அவள் இயக்குவது போல இருக்கும். பார்க்கிறவள், எழுதுகிறவள், நடிக்கவைக்கிறவள் எல்லாம் அவளே.

ஆனால் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்குப் பிறகு வரும் ஒரு காட்சிக்காக. ஜீனுக்கு அவன் மேல் உண்மையிலேயே காதல் வந்துவிடுகிறது. தான் யார் என்பதைக் கரை இறங்குவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறாள். அதற்குள் கப்பல் அதிகாரி ஒருவர் அவளும் அவள் அப்பாவும் மோசடிக்காரர்கள் என்று காட்டும் புகைப்படத்தை அவனிடம் கொடுத்துவிடுகிறார். அவன் அதை அவளிடம் நீட்டுகிறான். போதாததற்கு, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, இதெல்லாம் தனக்கு முன்னமே தெரியும், தானும் சும்மா விளையாடிக்கொண்டிருந்தேன் என்று பொய் சொல்கிறான். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பொய்யில்லாமல் இருந்த நேரம் அது. அந்த நேரத்தில்தான் அவளிடம் பொய் சொல்லப்படுகிறது. ஸ்டான்விக் அழுது தீர்க்கவில்லை. முகத்திலிருந்த வெளிச்சம் போகிறது, அவ்வளவுதான். இதுவரை சிரித்த படத்தில் சட்டென்று நமக்கு வலிக்கிறது. படத்தின் பின்பாதி முழுவதும் அவள் எடுக்கும் பழிவாங்கல் நமக்கு நியாயமாகப் படுவது இந்த ஒரு நொடியால்தான்.

அந்தப் பின்பாதியில் லேடி ஈவ் என்ற ஆங்கிலேயப் பிரபுகுலப் பெண்ணாக அவன் வீட்டுக்கே விருந்துக்கு வருகிறாள். தலைமுடிக்குச் சாயம் இல்லை, முகத்தில் மாற்றம் இல்லை. பேச்சும் உடையும்தான் வேறு. ஏமாற்ற வந்தவளாக இருந்தால் ஆளே தெரியாமல் மாறியிருப்பாளே, இவ்வளவு ஒரே மாதிரி இருப்பதால் இது நிச்சயம் வேறொருத்திதான் என்று அவன் முடிவுக்கு வருகிறான். எழுத்தில் அபத்தமான இந்தத் தர்க்கம் திரையில் எடுபடுவது ஸ்டான்விக்கின் துணிச்சலால். அந்த உடைகளை வடிவமைத்தவர் ஈடித் ஹெட். ஸ்டான்விக்கின் இடுப்பு நீளமானது, நவநாகரிக உடைகள் எடுக்காது என்று அதுவரை ஒரு பேச்சு இருந்தது. ஹெட் இடுப்புப் பட்டையின் அமைப்பை மாற்றியே அதைச் சரிசெய்துவிட்டார். அதன் பிறகு பல வருடங்கள் ஸ்டான்விக் அவரை விடவே இல்லை.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது? வாழ்க்கைக் கதையை வைத்து நடிப்பை விளக்குவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் இவர் விஷயத்தில் தெரிந்திருப்பது நல்லது. இயற்பெயர் ரூபி கேத்தரின் ஸ்டீவன்ஸ். 1907 ஜூலை 16 அன்று புரூக்ளினில் பிறந்தவர். நான்கு வயதில் அம்மா போய்விட்டார். குடிபோதையில் இருந்த ஒருவன் இடித்துத் தள்ளியதில் டிராம் வண்டியிலிருந்து விழுந்து ஏற்பட்ட காயம். அப்பா கொஞ்ச நாளில் பனாமா கால்வாய் வேலைக்குக் கிளம்பிப் போனார், திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு அக்காவின் நிழலிலும், காசுக்கு வளர்க்கும் வெவ்வேறு வீடுகளிலும் வளர்ந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர், பதினைந்து பதினாறு வயதில் ஸீக்ஃபெல்ட் நடனக் குழுவில் பின்வரிசைப் பெண். 1926இல் பிராட்வே நாடகம் ஒன்றில் நல்ல வேடம் கிடைத்தது. பார்பரா ஸ்டான்விக் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். நடிப்புப் பள்ளி எதிலும் படித்தவர் இல்லை. இரவு விடுதிகளிலும் மேடை ஓரங்களிலும் ஆட்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்.

ஹாலிவுட்டில் முதல் இரண்டு மூன்று முயற்சிகள் எடுபடவில்லை. ஃபிராங்க் காப்ரா 'லேடீஸ் ஆஃப் லெஷர்' படத்துக்கு ஆள் தேடியபோது நடந்த சந்திப்பும் கசப்பில்தான் முடிந்தது. இந்தப் பெண்ணுக்கு நடிப்பில் விருப்பமே இல்லை என்று காப்ரா நினைத்தார். அப்போதைய கணவர் ஃபிராங்க் ஃபே தொலைபேசியில் சண்டை போட்டு, இவர் முன்பு நடித்துக்காட்டிய ஒரு சோதனைப் படத்தைப் பார்க்கச் சொன்னார். மூன்று நிமிடம்தான் ஓடும் அது. அதைப் பார்த்துவிட்டுக் காப்ரா மனம் மாறினார். 1930இல் படம் வந்தது, ஸ்டான்விக் நட்சத்திரமானார்.

காப்ரா அவரைப் பற்றிக் கண்டுபிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்டான்விக் முதல் டேக்கிலேயே மொத்தத்தையும் கொடுத்துவிடுவார். ஒத்திகையிலோ இரண்டாவது, மூன்றாவது டேக்கிலோ அது திரும்ப வராது. அதனால் காப்ரா மற்ற நடிகர்களை வைத்து இவர் இல்லாமலே ஒத்திகை பார்த்தார். இவருடைய அறைக்குப் போய்க் காட்சியைப் பற்றித் தனியாகப் பேசிவிட்டு வருவார். ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்களை வைத்து, முதல் டேக்கை எல்லாக் கோணத்திலும் பிடித்துவிடுவார். மற்ற நடிகர்களுக்கு இது கஷ்டம்தான், ஆனால் பலன் திரையில் தெரிகிறது. அந்தப் படத்தில் மழை பெய்யும் இரவு ஒன்று. ஓவியனின் வீட்டில் தங்க நேர்ந்த பெண், அவன் காலடிச் சத்தம் நெருங்குவதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடக்கிறாள். ஆண்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவனோ ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுகிறான். கண்ணைத் திறக்கும்போது அந்த முகத்தில் நிம்மதி, ஏமாற்றம், அன்பு மூன்றும் கலந்து கிடக்கின்றன. வசனமே கிடையாது.

1931இல் வந்த 'தி மிராக்கிள் வுமன்' தொடங்கும் விதமும் அபாரம். தேவாலயத்தில் பிரசங்க மேடை காலியாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய வயதான போதகர், தன் கடைசி உரையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். மகள் மேடை ஏறுகிறாள். அப்பா சொன்ன வரை வாசித்துவிட்டு, அதன் பிறகு சபையையே கிழிகிழியென்று கிழிக்கிறாள். ஒவ்வொருவராக எழுந்து ஓடுகிறார்கள். பேசும்படம் வந்து நான்கு வருடம்கூட முழுசாக ஆகாத காலம். பல நட்சத்திரங்கள் மைக்கைப் பார்த்து மேடை வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். 23 வயதுப் பெண் இப்படி ஒரு கோபத்தைக் கொண்டுவருகிறார்.

'பேபி ஃபேஸ்' பற்றித் தனியாகவே எழுதலாம். 1933இல் வந்தது. எரீ என்ற தொழிற்சாலை ஊரில் அப்பனின் கள்ளச் சாராயக் கடையில் ஆண்களுக்கு இரையாக்கப்பட்ட லில்லி, நியூயார்க்கின் ஒரு வங்கிக் கட்டடத்தில் ஆணுக்கு ஒரு மாடியாக ஏறிப் போகிறாள். அவள் ஏற ஏற, கேமராவும் கட்டடத்தின் வெளிச்சுவரில் மாடி மாடியாக ஏறுகிறது. கீழ்மாடியில் அவளிடம் ஏமாறும் எழுத்தர்களில் ஒருவர் ஜான் வெயின் என்பது வேடிக்கையான தகவல். அமெரிக்கத் தணிக்கை விதிகள் இறுகுவதற்குக் காரணமாக இருந்த படங்களில் இதுவும் ஒன்று. வெட்டி, வசனத்தை மாற்றித்தான் வெளியிட்டார்கள். வெட்டப்படாத பிரதி 2004இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது லில்லிக்கும் தெரசா ஹாரிஸ் நடித்த கறுப்பினத் தோழி சிக்கோவுக்கும் உள்ள உறவு. அவளை வேலையை விட்டுத் துரத்துவேன் என்று அப்பன் கத்தும்போது, அவள் போனால் நானும் போவேன் என்கிறாள் லில்லி. எல்லோரையும் ஏமாற்றும் பெண் இவள் ஒருத்தியிடம் மட்டும் வேஷம் போடுவதில்லை.

இப்போது 'ஸ்டெல்லா டாலஸ்'. 1937, இயக்கம் கிங் விடோர், தயாரிப்பு சாமுவேல் கோல்ட்வின். கோல்ட்வினுக்கு ஸ்டான்விக் மேல் நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே பேர் வாங்கிய நட்சத்திரம் சோதனைப் படம் நடித்துக்காட்டித்தான் இந்த வேடத்தை வாங்க வேண்டியிருந்தது. கதை நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தொழிலாளி வீட்டுப் பெண், பெரிய இடத்தில் கல்யாணம், ஒத்துப்போகவில்லை, மகள்தான் உலகம். ஆனால் அம்மாவின் பளபளப்பான உடையும் சத்தமான பேச்சும் மகளின் எதிர்காலத்துக்கே குறுக்கே நிற்கின்றன. அழுகைப் படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மகளின் பிறந்தநாள் விருந்து ஒன்று வருகிறது. மேஜை அலங்கரித்து, கேக் வைத்து, அம்மாவும் மகளும் காத்திருக்கிறார்கள். வர முடியவில்லை என்ற செய்திகள்தான் ஒவ்வொன்றாக வருகின்றன. இருவருமே ஒருவருக்காக ஒருவர் சிரித்துக்கொண்டு, கடைசியில் தாங்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதைவிடக் கனமானது ரயில் காட்சி. படுக்கைப் பெட்டியில் கீழ் பெர்த்தில் அம்மா, மேல் பெர்த்தில் மகள். பக்கத்தில் சில பெண்கள் அம்மாவைப் பற்றிக் கேவலமாகப் பேசிச் சிரிக்கிறார்கள். தன்னால் மகளுக்கு எவ்வளவு அவமானம் என்பது அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லாவுக்கு உறைக்கிறது. மகளும் அதைக் கேட்டுவிட்டாள். அம்மா கேட்டிருப்பாளோ என்று பயந்து மேலிருந்து எட்டிப் பார்க்கிறாள். ஸ்டெல்லா தூங்குவது போல நடிக்கிறாள். மகள் இறங்கி வந்து முத்தமிட்டு, அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள். ஏழு வருடம் முன்பு காப்ரா படத்தில் தூங்குவது போலக் கிடந்த அதே முகம்தான். ஆனால் இங்கே தூக்கத்துக்கு அடியில் ஒரு தாயின் முடிவு உருவாவதை நாம் பார்க்கிறோம்.

அந்த முடிவுதான் என் வாதத்துக்கு நேரடிச் சாட்சி. மகள் தன்னை விட்டுப் போக மாட்டாள் என்று தெரிந்ததும், ஸ்டெல்லா வேண்டுமென்றே கெட்டவளாக மாறிக் காட்டுகிறாள். சத்தமாகப் பாட்டை வைத்து, சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா, அம்மாவாகவே கிடந்து சாக வேண்டுமா என்கிற தொனியில் பேசுகிறாள். ஸ்டெல்லா நல்ல நடிகை இல்லை. அதனால் ஸ்டான்விக் அந்த நடிப்பைக் கொஞ்சம் மட்டமாகவே செய்கிறார். குரல் ஒரு பிடி அதிகம், அலட்சியம் ஒரு பிடி அதிகம். மகள் நம்பும் அளவுக்கு, நாம் நம்பாத அளவுக்கு. இப்படி அளந்து வைப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த மாதிரி காட்சியை வேறு யாராவது செய்து பார்க்கும்போதுதான் தெரியும். முதல் ஆஸ்கர் பரிந்துரை இதற்குத்தான். பரிசு லூயிஸ் ரெய்னருக்குப் போனது.

1940இல் 'ரிமெம்பர் தி நைட்'. எழுதியவர் ஸ்டர்ஜஸ், இயக்கியவர் மிட்செல் லெய்சன். வளையலைத் திருடி மாட்டிக்கொண்ட பெண்ணும் அவளுக்குத் தண்டனை வாங்கித்தர வேண்டிய அரசு வழக்கறிஞரும் கிறிஸ்துமஸுக்கு ஒன்றாக ஊருக்குப் போக நேர்கிறது. வழியில் அவள் அம்மா வீடு. அம்மா அவளை உள்ளே சேர்க்க மறுக்கும் காட்சியில், இதுவரை வாயாடியாக இருந்தவள் ஒரு குழந்தையாகச் சுருங்கிப்போகிறாள். இந்தப் படப்பிடிப்பில்தான் ஸ்டர்ஜஸ் அவரிடம், உனக்கு ஒரு நல்ல நகைச்சுவைப் படம் எழுதித் தருகிறேன் என்றார். அந்தப் படம்தான் 'தி லேடி ஈவ்'.

அந்த 1941ஐப் பாருங்கள். 'தி லேடி ஈவ்', காப்ராவின் 'மீட் ஜான் டோ', மறுபடியும் ஃபோண்டாவோடு 'யூ பிலாங் டு மீ', வருடக் கடைசியில் ஹாவர்ட் ஹாக்ஸின் 'பால் ஆஃப் ஃபயர்'. ஒரே வருடத்தில் நான்கு. கடைசிப் படத்தில் அவர் இரவு விடுதிப் பாடகி. கலைக்களஞ்சியம் எழுதிக்கொண்டிருக்கும் எட்டுப் பேராசிரியர்களின் வீட்டில் போலீஸுக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறாள். அவர்களில் ஒருவரான கேரி கூப்பரை முத்தமிட உயரம் போதாமல், தடித்தடிப் புத்தகங்களைத் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நிற்கும் இடத்தில் சிரிக்காதவர் இருக்க முடியாது. திரைக்கதையில் பில்லி வைல்டருக்குப் பங்கு உண்டு. ஆஸ்கர்காரர்கள் அந்த வருடம் 'பால் ஆஃப் ஃபய'ருக்காக அவரைப் பரிந்துரைத்தார்கள். என்னைக் கேட்டால் 'தி லேடி ஈவ்'தான் பரிந்துரைக்கப்பட்டிருக்க வேண்டும், பரிசும் பெற்றிருக்க வேண்டும்.

வைல்டர் 1944இல் 'டபுள் இண்டெம்னிட்டி'யை எடுத்தபோது கொலைகாரி ஃபிலிஸ் வேடத்துக்கு அவரைத்தான் நினைத்தார். ஸ்டான்விக் பயந்தார். இவ்வளவு நாள் நாயகியாக நடித்துவிட்டு ஈவு இரக்கமற்ற கொலைகாரியாக மாறுவது எப்படி என்று தயங்கினார். நீங்கள் எலியா, நடிகையா என்று கேட்டாராம் வைல்டர். நடிகை என்று நினைக்கிறேன் என்றாராம் இவர். அப்படியானால் செய்யுங்கள் என்றதோடு பேச்சு முடிந்தது. பிறகு அவரே பல முறை சொல்லி மகிழ்ந்த சம்பவம் இது.

அந்தப் படத்தில் அவர் வைத்திருக்கும் பொன்னிற விக்கைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். பாரமவுண்ட் தயாரிப்புத் தலைவரே, ஸ்டான்விக்குக்குக் காசு கொடுத்தோம், ஜார்ஜ் வாஷிங்டன் வந்து நிற்கிறாரே என்று நொந்துகொண்டார். எனக்கு அந்த விக் சரியாகவே படுகிறது. ஃபிலிஸிடம் எதுவுமே அசல் இல்லை. தலைமுடி மட்டும் ஏன் அசலாக இருக்க வேண்டும்?

கொலை நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஃபிலிஸ் கார் ஓட்டுகிறாள், பக்கத்தில் கணவன், பின் இருக்கையில் மறைந்திருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப் (ஃப்ரெட் மெக்முர்ரே). ஹார்ன் அடித்தால் அதுதான் சைகை. அடிக்கிறாள். கழுத்து நெரிபடுவதை வைல்டர் காட்டவே இல்லை. கேமரா ஸ்டான்விக்கின் முகத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான், அவள் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறாள். உதட்டில் லேசான, மிக லேசான ஒரு நிறைவு. பெரிதாகச் செய்திருந்தால் அரக்கியாகியிருப்பாள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் காட்சி செத்திருக்கும்.

உடலைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு வந்த பிறகு கார் கிளம்ப மறுக்கும் இடம் திரைக்கதையில் முதலில் இல்லை. காட்சியை எடுத்து முடித்த வைல்டர் சாப்பிடக் கிளம்பியபோது அவருடைய சொந்தக் கார் கிளம்பவில்லையாம். ஓடிவந்து அதைப் படத்தில் சேர்த்தார். சாவியைத் திருப்பத் திருப்ப இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைப் பார்க்கும்போது, இந்தக் கொலைகாரர்கள் தப்பிக்க வேண்டுமே என்று நாமே தவிக்கிறோம்.

கடைசிச் சந்திப்பில் ஃபிலிஸ் வால்டரைச் சுடுகிறாள். அவன் நெருங்கி வருகிறான். இரண்டாவது குண்டைச் சுட அவளால் முடியவில்லை. உன்னை எப்போதும் காதலித்ததில்லை, ஒரு நிமிடம் முன்பு வரை, என்கிற பொருளில் பேசுகிறாள். இது உண்மையா, கடைசி வேஷமா? ரசிகர்கள் இன்றைக்கும் இதில் இரண்டு கட்சி. நான் உண்மை என்கிற கட்சி. ஏனென்றால் அந்த இடத்தில் ஸ்டான்விக்கின் முகத்தில் தெரிவது காதலைவிட அதிர்ச்சி. தனக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று அவளே திகைக்கிறாள். வேஷம் போடுகிறவள் அப்படித் திகைக்க மாட்டாள். அந்த வருடம் ஆஸ்கர் 'கேஸ்லைட்' படத்துக்காக உங்களுக்குப் பிடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்குப் போனது. பெர்க்மன் அருமையான நடிகைதான், ஆனாலும் இந்த முடிவை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1948இல் 'சாரி, ராங் நம்பர்' நான்காவது பரிந்துரை. அதுவும் கிடைக்கவில்லை.

இத்தனை இருந்தும் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு இவர் பெயர் ஏன் முதலில் எட்டுவதில்லை? எனக்குத் தோன்றும் காரணம், அவர் எந்த ஸ்டுடியோவுக்கும் நெடுங்காலம் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. டேவிஸுக்கு வார்னர், கார்போவுக்கு எம்ஜிஎம் என்று ஒவ்வொரு பெரிய நட்சத்திரத்தின் பிம்பத்தையும் ஒரு ஸ்டுடியோ உட்கார்ந்து செதுக்கியது. விருது நேரத்தில் அந்த ஸ்டுடியோவே பின்னால் நின்றது. ஸ்டான்விக் படத்துக்குப் படம் இடம் மாறிச் சுதந்திரமாக வேலை செய்தார். கொலம்பியா, வார்னர், ஆர்கேஓ, பாரமவுண்ட் என்று எல்லா வாசலிலும் நுழைந்தார். பணத்துக்கு இதனால் குறைவில்லை. 1944இல் அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய பெண் என்று அவர் பெயர்தான் வந்தது. ஆனால் சுவரொட்டியில் ஒட்டிவைக்க ஒரே ஒரு பிம்பம் கிடைக்கவில்லை. காமெடி, குற்றப்படம், வெஸ்டர்ன், குடும்பக் கதை எல்லாவற்றிலும் சமமாகப் பொருந்தியவரை எந்தச் சட்டத்தில் மாட்டுவது?

கூட வேலை செய்தவர்கள் வேறு மாதிரி நினைவு வைத்திருந்தார்கள். படப்பிடிப்புத் தளத் தொழிலாளர்களுக்கு அவர் 'மிஸ்ஸி'. தன் வசனம் மட்டுமல்ல, முழு ஸ்கிரிப்ட்டையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். 1939இல் 'கோல்டன் பாய்' படத்தில் புதுப் பையனாக வந்த வில்லியம் ஹோல்டனைத் தயாரிப்பாளர்கள் தூக்கிவிடப் பார்த்தபோது, இவர்தான் எதிர்த்து நின்று, வேலை முடிந்த பிறகு அவனோடு உட்கார்ந்து வசனம் பழக்கினார். 1978 ஆஸ்கர் மேடையில் இருவரும் ஒலிப்பதிவு விருதை அறிவிக்க வந்தார்கள். ஹோல்டன் அறிவிப்பை நிறுத்திவிட்டு, நான் இன்றைக்கு இங்கே நிற்பதே இந்தப் பெண்மணியால்தான் என்று ஊரறியச் சொன்னார். எதிர்பாராத ஸ்டான்விக் அவரைக் கட்டிக்கொண்டார். 1981 நவம்பரில் ஹோல்டன் இறந்துபோனார். சில மாதங்களில், 1982இல், ஸ்டான்விக்குக்குக் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. எனக்கு ஆஸ்கர் வர வேண்டும் என்பது அவன் ஆசை, அது இன்றைக்கு நிறைவேறியது என்று அந்த மேடையில் அவனை நினைத்துக்கொண்டார். பதிவு இணையத்தில் கிடைக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

ஐம்பதுகளுக்குப் பிறகு சுமாரான படங்களும் நிறைய உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாமுவேல் ஃபுல்லரின் 'ஃபார்ட்டி கன்ஸ்' (1957) தவறவிடக் கூடாதது. நாற்பது துப்பாக்கி வீரர்களை வேலைக்கு வைத்திருக்கும் பண்ணைக்காரியாக வருகிறார். குதிரையின் சேணத்தில் கால் சிக்கி இழுபடும் காட்சியை ஸ்டன்ட் ஆட்கள் செய்ய மறுக்க, ஏறக்குறைய ஐம்பது வயதில் அவரே செய்தார். ஃபுல்லருக்குத் திருப்தி வரும் வரை மூன்று முறை. பெரிய திரையில் வாய்ப்புக் குறைந்ததும் தொலைக்காட்சிக்குப் போய் அங்கே மூன்று எம்மி விருது வாங்கினார். 1965 முதல் நான்கு வருடம் ஓடிய 'தி பிக் வேலி'யும், 1983இல் வந்த 'தி தார்ன் பேர்ட்ஸ்' தொடரும் அதில் அடக்கம். 1990 ஜனவரி 20 அன்று மறைந்தார்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் 'தி லேடி ஈவ்'. ஒன்றரை மணி நேரம்தான், களைப்பான நாளில்கூடப் பார்க்கலாம். அதே வாரத்தில் 'டபுள் இண்டெம்னிட்டி'யைப் பாருங்கள்; இரண்டு பெண்களும் ஒரே நடிகை என்பதை நம்பவே கொஞ்ச நேரம் ஆகும். அதற்குப் பிறகு 'ரிமெம்பர் தி நைட்', அப்புறம் 'ஸ்டெல்லா டாலஸ்'. இந்த நான்கும் பிடித்துவிட்டால் டக்ளஸ் சர்க்கின் 'தேர்ஸ் ஆல்வேஸ் டுமாரோ' (1956). மெக்முர்ரேயோடு அவர் நடித்த நான்காவதும் கடைசியுமான படம் அது. இதில் அவள் யாரையும் ஏமாற்ற வரவில்லை. ஆனாலும் மனதில் இருப்பதை மறைக்கத்தான் வேண்டியிருக்கிறது, ஃபிலிஸைவிட நன்றாகவே மறைக்கிறாள். 'பேபி ஃபேஸ்' எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் 76 நிமிடம் ஓடும் பிரதிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தணிக்கை செய்த பிரதியில் லில்லிக்கு அறிவுரை சொல்லும் செருப்புத் தைக்கும் முதியவரின் பேச்சையே தலைகீழாக மாற்றி, முடிவையும் நீதிக்கதையாக்கி வைத்திருக்கிறார்கள்.